தாடியோடு படித்த முதல் டெர்ம்

கல்லூரியில் சேர்ந்த அன்று எனக்கு அரைகுறையாகத் தாடி வளர்ந்திருந்தது. உடன் சேர்ந்த பையன்களுக்கு மீசையே சரியாக அரும்பாத வயது. நான் வகுப்புக்குள் நுழைந்ததும் முன் பெஞ்சுக்காரர்கள் ஆசிரியர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றுவிட்டார்கள். நான் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. சட்டென்று கோபம் வருகிற சுபாவம் எனக்கு. அன்று கோபப்பட முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் எழுந்து நின்ற அந்த அரை நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது எங்கள் பக்கத்தில் கல்லூரி என்றால் சேலம்தான். "சேலத்துக்குப் போய்ட்டீன்னா ஏரு யாருடா புடிக்கிறது?" என்று அப்பா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். ஐந்து வருடம் ஏர் பிடித்தேன். நடுவில் மாமன் மகளை எனக்குக் கட்டி வைத்தார்கள். பிறகு தர்மபுரி தனி மாவட்டமானது, அங்கேயே கல்லூரியும் வந்தது. எங்கள் ஊரிலிருந்து கம்பைநல்லூருக்கு இரண்டு மைல் நடந்தால் பஸ். விடிந்து போனால் பொழுது சாய வீடு திரும்பலாம். அப்பாவுக்குக் கேட்கக் கேள்வி மிச்சமில்லை.

தாடிக்கு வருகிறேன். என் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். எங்கள் பக்கத்தில் மனைவி மாசமாக இருந்தால், ஐந்தாம் மாதத்திலிருந்து குழந்தை பிறக்கிறவரை புருஷன்காரன் முடி வெட்டக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது, பாடை தூக்கக் கூடாது. எந்த உயிரையும் கொல்லவோ அறுக்கவோ கூடாது. வீட்டுக் கோழியைக் கூட பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் அறுக்கச் சொல்வார்கள். இதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்து பேய், சகுனம், ராகுகாலம் எல்லாவற்றையும் வாய் கிழியக் கேலி பேசுகிற ஆள் நான். ஆனால் தாடியை எடுக்கவில்லை. யாராவது காரணம் கேட்டால், "நல்ல பிளேடு கெடைக்கலைங்க" என்று சொல்லிவிடுவேன்.

பி.யூ.சி. ஒரு வருடப் படிப்பு. ஆங்கிலமும் தமிழும் எல்லோருக்கும் பொது. மற்றபடி எந்த குரூப் என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் வாங்கிய குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அஞ்சு வருசம் படிப்ப விட்டிருக்கீங்க. ரெண்டாவது குரூப் போட்டிருக்கீங்களே, தாக்குப் புடிப்பீங்களா?"

"ஏன், புடிக்க மாட்டனா?"

"பௌதிகம், ரசாயனம், இயற்கை விஞ்ஞானம். எல்லாம் இங்கிலீஷ்ல. வாரத்துல மூணு மத்தியானம் பிராக்டிகல். மூணாவது குரூப்புன்னா சரித்திரம், பொருளாதாரம், லாஜிக். ஒரு மணிக்குக் கௌம்பிடலாம். பதினஞ்சு நாள் டைம் இருக்கு. மாத்திக்கணும்னா வந்து சொல்லுங்க."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இரண்டாவது குரூப் படித்தால் மேலே பி.எஸ்ஸி. போகலாம், அறிவியல் வாத்தியார் ஆகலாம். எனக்கு ஆசை அதுதான். வயலில் நண்டு வளையையும் குளவிக் கூட்டையும் பார்த்துக்கொண்டு ஏரை நிறுத்திவிடுகிற ஆள் நான். அப்பாவிடம் அதற்காகவே எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். மாற்றமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

முதல் வாரமே மூச்சு முட்டிவிட்டது. தமிழில் படித்த விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில் வந்து என்னைத் தெரியாததுபோல் நின்றது. வகுப்பில் எழுதிய நோட்டை பஸ்ஸில் பிரித்தால் என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை. பிராக்டிகல் உள்ள நாளில் கடைசி மணி அடித்ததும் பஸ் நிலையத்துக்கு ஓட வேண்டும். வீட்டுக்கு வந்தால் அப்பா தனியாக நிலக்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்குவேன். காலடியில் தண்ணீர் மடை மாறிப் போகும், நான் ரசாயனச் சமன்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நிற்பேன். "தண்ணி எங்கடா போவுது, நீ எங்கடா போற?" என்பார் அப்பா.

இதையெல்லாம் சமாளித்திருப்பேன். கெடுத்தது என் வாய்தான்.

இயற்கை விஞ்ஞான வகுப்புக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கச் சொன்னார்கள். உள்ளே மெல்லிய கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி, இரண்டு ஊசி. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். அம்மா அதைத் திறந்து பார்த்தாள்.

"என்னடா இது, நாவிதம் பண்ற பெட்டியா?"

சும்மா இருந்திருக்கலாம். படிக்கிற பெருமையில் அளந்து தள்ளினேன். தவளையை மயக்க மருந்து போட்டு மல்லாக்கப் படுக்க வைப்பார்கள், நாலு காலிலும் ஊசி குத்துவார்கள், வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதைக் காட்டுவார்கள், ஒவ்வொருவரும் அறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும்தான் நிறுத்தினேன்.

"வூட்ல புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு நீ உசுர அறுக்கப் போறியா?"

"அது மயக்கத்துல இருக்கும்மா. அதுக்கு ஒன்னும் தெரியாது."

"அதுக்குத் தெரியாதுடா. மேல இருக்கறவனுக்குத் தெரியாதா? ஒன்னப் பறிகுடுத்தது போதாதா?"

கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் முறம் நின்றுவிட்டது.

அந்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்குப் பத்து வயதில் தாய் போய்விட்டாள். அம்மாதான் தன் தம்பி மகளைத் தன்னோடு கொண்டுவந்து வளர்த்தாள். மாமியார் மருமகள் ஆவதற்கு முன்பே அவர்கள் அத்தையும் பிள்ளையும். கல்யாணமாகி அடுத்த வருடம் அவள் முதல் முறை மாசமானாள். அப்போது ஒரு நாள் மாட்டுக் கொட்டகையில் அம்மா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, அவள் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு கட்டுவிரியன் வந்து சுருண்டது. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் காட்ட வந்த என் மனைவி சுவரில் சாய்த்திருந்த உலக்கையை எடுத்து ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ஊரே வந்து பார்த்துவிட்டு, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இவ்வளவு தைரியமா என்று மெச்சிக்கொண்டு போனது.

எட்டாம் மாதத்தில் குழந்தை பிறந்தது. அழவே இல்லை. நானும் அப்பாவும் வேலியோரம் குழி தோண்டினோம்.

அதற்குப் பிறகு ஊர் வேறு மாதிரி பேசியது. மாசமாக இருக்கிறவள் பாம்பை அடிக்கலாமா என்றார்கள். அம்மா முதலில் அவர்களோடு சண்டைதான் போட்டாள். ஆனால் துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததோ என்னவோ, கொஞ்ச நாளில் அவளும் அதையே சொல்ல ஆரம்பித்தாள். "எங்கோசரம்தான் அடிச்சா. அந்தப் பாவம் அவ வவுத்துல உழுந்துடுச்சி" என்று வருகிறவர்களிடம் எல்லாம் அழுவாள். திட்டிச் சொல்லவில்லை, பரிதாபப்பட்டுத்தான் சொன்னாள். என் மனைவி ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள், இந்த ஒரு பேச்சு வந்தால் மட்டும் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் அதை மறந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற மடையன் இருக்க முடியாது.

பெட்டி வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். கிணற்றடியில் ஆயில் இன்ஜின் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூணாவதே எடுத்துக்கடா. அதுவும் படிப்புதான. உங்கம்மா தூங்க மாட்டேங்கறா" என்றார். அப்பா இவ்வளவு நீளமாகப் பேசுவது அபூர்வம்.

நான் யோசித்தேன். யோசித்தேன் என்பது பெரிய வார்த்தை. பயந்தேன். டீக்கடையில் பேசுவது வேறு, அழாத குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கியிருப்பது வேறு. தவளைக்கும் பிள்ளைக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒருவேளை, ஒரே ஒருவேளை இருந்துவிட்டால் என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்ததால் வேறு காரணங்களைச் சேர்த்துக்கொண்டேன். ஆங்கிலம் ஏறவில்லை. பஸ் சரியில்லை. அப்பாவுக்கு வயதாகிறது. முதல் டெர்மிலேயே இவ்வளவு சுமையை ஏற்றிக்கொண்டு கவிழ்வதைவிட, தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு தேறிவிடுவது புத்திசாலித்தனம். எல்லாமே நியாயமான காரணங்கள். முதல்வருக்கு விண்ணப்பம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கெடு முடிய நான்கு நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் என் மனைவி களி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"மூணாவது குரூப்புக்கு மாறிக்கலாம்னு இருக்கன்."

துடுப்பு ஒரு சுற்று சுற்றி நின்றது. "ஏனுங்க மாமா?"

"பாடம் ரொம்ப கஷ்டம். தூக்க முடியல."

"தவளைக்கோசரமா?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல. இங்கிலீஷ்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பானைக்குத் திரும்பிக்கொண்டாள். அன்று களி அடிப்பிடித்துவிட்டது. அவள் கையால் களி அடிப்பிடித்து நான் பார்த்ததில்லை. அடுத்த இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. கேட்டதற்குப் பதில் வரும், தானாக ஒரு வார்த்தை வராது. மாசமாக இருக்கிறாள், உடம்புக்கு முடியவில்லை என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா சோறு கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தாள். என் மனைவி களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க இங்கிலீஷுக்குப் பயந்து மாறுனா மாறிக்கங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டன். தவளைக்குப் பயந்து மாறாதீங்க."

"பயமா? எனக்கா?"

"மாமா, நான் சொல்றத மொதல்ல கேளுங்க." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள். "உசுர அறுத்தா வவுத்துப் புள்ளைக்கு ஆவாதுன்னு நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னா, பாம்ப அடிச்சி எம் புள்ளய நாந்தான் கொன்னேன்னு நீங்களும் ஒத்துக்கிட்டதா ஆவுது. ஊரு சொல்லட்டும். அத்தை சொல்லட்டும். இத்தினி நாளா நீங்க ஒருத்தருதான் சொல்லாம இருந்தீங்க."

இரண்டு வருடமாக ஒரே பாயில் படுத்து, ஒரே பானையில் சாப்பிட்டு, பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். அவள் தன் பிள்ளையைத் தானே கொன்றதாகச் சுமந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. என்னுடைய சுமை மூன்று பாடமா, மூன்று மத்தியானமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். அவள் அழவில்லை.

"இந்தப் புள்ளைக்கும் ஏதாவது ஆயிட்டா?" என்று கடைசியில் கேட்டேன். அதுதான் நான் சொன்ன முதல் நிஜம்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்குது," என்றாள். "ஆனா மாறாதீங்க."

விண்ணப்பத்தை நான் கொடுக்கவில்லை. கெடு நாள் வந்தது, போனது. அம்மாவிடம் மட்டும் மூன்றாவது குரூப்புக்கு மாறிவிட்டதாகச் சொன்னோம். பிராக்டிகல் நாட்களில் தாமதமாக வந்தால் லைப்ரரி என்று சொல்வேன். "அந்த லைப்ரரிய எந்நேரத்துக்குத்தான் சாத்துவாங்க?" என்று அம்மா கேட்பாள். என் மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு இருமுவாள், அது இருமல் இல்லை. ஒரு நாள் இன்ஜின் கொட்டகைக்குப் போனபோது பெட்டி நான் வைத்த இடத்தில் இல்லை. தண்ணீர் தெறிக்காத உயரத்தில், பரணில், சாக்கு சுற்றி வைத்திருந்தது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் தவளை வந்தது. ஆய்வுக்கூட உதவியாளர் கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட மனிதர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். ஏரியில் தவளை பிடித்துவருவதும், மருந்து போட்டு ஜாடியிலிருந்து எடுத்துத் தட்டில் வைப்பதும் அவர் வேலை. என் தட்டைக் கொண்டுவந்தவர் தாடியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"வூட்ல மாசமா சார்?" என்று காதோரம் கேட்டார்.

தலையாட்டினேன்.

"நானும் நாலு புள்ளைக்குத் தாடி வச்சவன். ஏனூ ஆகல்ல, ஒன்னும் ஆவாது, யோசன பண்ணாதீங்க. நான் கீறிக் குடுத்துட்றன். நீங்க படம் மட்டும் வரைஞ்சிக்கங்க."

பேராசிரியர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவர் கைதேர்ந்த தையல்காரரைப் போல இரண்டு வெட்டில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், அது என் வாயில் வரவில்லை. எவ்வளவு நல்ல ஏற்பாடு! இரண்டாவது குரூப்பும் ஆயிற்று, அறுக்கவும் இல்லை. படத்தை அழகாக வரைந்து, இதயம், கல்லீரல், இரைப்பை என்று பெயர் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அறுத்தீங்களா?"

"ம்."

என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது. அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பை நான் திருடி வாங்கியிருந்தேன். என் வாழ்க்கையில் சின்னதும் பெரிதுமாக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எதுவும் அந்த ஒற்றை 'ம்' அளவுக்கு என்னை வாட்டியதில்லை.

அடுத்த வாரம் மறுபடி தவளை. உதவியாளர் என் மேஜைக்கு வந்து கத்தியை எடுக்கப் போனார். "இல்லைங்க, நானே பண்ணிக்கிறன்," என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு உள்ளங்கை வியர்த்து, கத்தி வழுக்கியது. முதல் கீறல் கோணலாகப் போய்விட்டது. தோலை விலக்கி, தசையை வெட்டி, மார்பெலும்பைக் கத்தரித்துத் தூக்கினேன். உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும், சிவப்பாக, சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, என்னைப் பற்றிய கவலையே இல்லாமல் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாவம் என்று தோன்றியது. மன்னித்துக்கொள் என்று தமிழில்தான் சொன்னேன், வாய்க்குள். பிறகு பென்சிலை எடுத்தேன். அந்தப் படம் நன்றாக வரவில்லை.

அன்று வீட்டில் களி உருண்டையைத் தட்டில் வைத்தாள் என் மனைவி. தொட முடியவில்லை. அம்மா வெளியே போகும்வரை காத்திருந்து, "போன வாரம் நான் அறுக்கல. உங்கிட்ட பொய் சொன்னன். இன்னிக்குத்தான் அறுத்தன்," என்றேன்.

"தெரியுங்க," என்றாள்.

"எப்படி?"

"போன வாரம் வந்ததும் ரெண்டு உருண்ட சாப்ட்டுட்டு மூணாவது கேட்டீங்க."

கோபப்படுவாள் என்று பார்த்தேன். தட்டை எடுத்துவிட்டு மோர் கரைத்துக் கொண்டுவந்தாள். "இத மட்டுமாச்சும் குடிங்க," என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் உண்மையில் பாரம். பாடம் மெல்ல மெல்லப் பழகிவிட்டது. ஆங்கிலம்கூடக் கொஞ்சம் இறங்கி வந்தது. பழகாதது பயம்தான். விடிந்ததும் கண்ணைத் திறக்கும் முன்பே, "அசையுதா?" என்று கேட்பேன். "அசையுதுங்க, ஏழு மணி பஸ்ஸ பாருங்க," என்பாள். எட்டாம் மாதம் தொடங்கியதும் எனக்கு வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. ஒவ்வொரு நாளும் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த இரண்டு மைலையும் ஓட்டமும் நடையுமாக வருவேன். ஊர் எல்லையில் நின்று எங்கள் வீட்டுப் பக்கம் ஆள் கூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லை என்றால்தான் மூச்சு வரும். பகுத்தறிவு பேசிய வாய், புகை போகிற கூரையைப் பார்த்து இன்றைக்குத் தப்பித்தோம் என்று சொல்லிக்கொள்ளும்.

டெர்ம் தேர்வு வந்தது. எல்லாப் பாடத்திலும் தேறினேன், பௌதிகத்தில் மட்டும் மயிரிழையில். அது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை.

புரட்டாசியில், ஒன்பது மாதம் நிறைந்து, ஒரு காலை நேரத்தில் வலி கண்டது. கம்பைநல்லூரிலிருந்து நர்சம்மாவை வாடகைச் சைக்கிளில் அழைத்துவந்தேன். அப்பா கொட்டகையில் ஏற்கெனவே திரித்த கயிற்றைப் பிரித்து மறுபடி திரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்தேன். வெயில் ஏறியது. உள்ளே என் மனைவியின் குரல் கேட்டது, நின்றது, கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. போன முறையும் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் குழந்தை அழுதது. எருமைக் கன்று மாதிரி கத்தியது. அப்பா கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து நின்று, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டவர் போலத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

பெண் குழந்தை. நர்சம்மா போன பிறகு என்னை உள்ளே விட்டார்கள். அம்மா குழந்தையை மடியில் வைத்து வெந்நீர்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி சுவரில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒன்னு சொல்லணுங்க. உங்க மவன் குரூப்பு மாறல. ஆவணியில தவளைய அறுத்தாரு. அவரு கையாலயே அறுத்தாரு. நாந்தான் அறுக்கச் சொன்னன்."

அம்மாவின் கை துணியோடு அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள், திட்டுவாள் என்று நினைத்தேன். குழந்தையைப் பார்த்தாள். அது இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு, காலை உதறிக்கொண்டு, அம்மாவின் புடவையை நனைத்துக்கொண்டிருந்தது.

"அறுத்தும் ஒன்னும் ஆவலியே," என்றாள் அம்மா. துணியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்தப் பாம்பு..." என்று ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. நனைந்த கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, எந் தாயி! என் உசுரக் காப்பாத்துன உன்னப் போயி, போறவன் வர்றவங்கிட்ட எல்லாம்..."

"அழாதீங்க அத்தை."

"நான் சொல்லியிருக்கக் கூடாது கண்ணு. நான் சொல்லியே இருக்கக் கூடாது."

என் மனைவி கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டாள். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, மொதல்ல பொறந்துச்சே, அது ஆணுங்களா, பொண்ணுங்களா?"

முதல் பிரசவத்தில் அவள் மயக்கம் தெளிவதற்குள் நாங்கள் குழந்தையை எடுத்துப் போய்விட்டோம். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று இரண்டு வருடமாக இருந்திருக்கிறாள்.

"பொண்ணு சாமி," என்றாள் அம்மா. "தல நெறய முடி. மூக்கு அப்படியே உன் மூக்கு."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அன்றுதான் அவள் முதல் குழந்தைக்காக அழுதாள். சத்தம் போட்டு, தாராளமாக, எல்லாத் தாய்மார்களையும் போல அழுதாள். அம்மா புதுக் குழந்தையை அவள் மார்பில் கொண்டுவந்து போட்டாள். அதை அணைத்துக்கொண்டு, அழுகைக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப எனக்கு ரெண்டு பொண்ணுங்க, மாமா."